முசிராவின் காய்ச்சல்

முசிராவில் காய்ச்சல் குறைய மறுத்தது. மாத்திரை இருந்தது, மருத்துவர் இருந்தார், அறுவை அறையும் ரத்த வங்கியும் கொண்ட முழு மருத்துவமனையே ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் வடம் கட்டி மிதந்துகொண்டிருந்தது. அப்படியும் அந்த மலைக் கிராமங்களில் தினமும் புதிதாக யாராவது நடுங்கிக்கொண்டு படுத்தார்கள். கணக்குப்படி அந்த மருத்துவமனை எப்போதோ முசிராவை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. ஏன் என்று பார்த்து வரத்தான் தவோங்கா தலைநகரிலிருந்து புறப்பட்டு, மழையில் குழைந்துபோன மலைப்பாதையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

கம்வேலா நாட்டுச் சுகாதார அமைச்சகத்தில் திட்டப் பிரிவின் தலைவி அவள். நாற்பதைத் தாண்டியவள். படித்தது கணக்கு, மருத்துவம் அல்ல. ஆனாலும் அந்த நாட்டில் எந்த ஊருக்கு எப்போது மருத்துவம் கிடைக்கும் என்பது சில வருடங்களாக அவள் எழுதிய விதியின்படிதான் நடந்து வந்தது.

அந்த விதி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஏரியும் மலையுமாகக் கிடக்கும் ஆப்பிரிக்க உள்நாடு கம்வேலா. மருத்துவம் படித்தவர்கள் பட்டம் வாங்கிய கையோடு விமானம் ஏறிவிடுவார்கள். மாவட்டம் தோறும் ஆஸ்பத்திரிக் கட்டடம் உண்டு, உள்ளே ஆள் இருக்காது. அமைச்சர் மாறினால் எக்ஸ்ரே கருவி லாரியேறி அவருடைய சொந்த ஊருக்குப் போய்விடும். அடுத்த அமைச்சர் வந்ததும் அங்கிருந்து இன்னோர் ஊருக்குப் போகும். இதற்கு விடிவே இல்லை என்றான பிறகு அரசு நான்கு பறக்கும் மருத்துவமனைகளை வாங்கி, நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று விட்டது. வாயு நிரப்பிய பெருத்த சாம்பல் நிற வயிறு, அதன் அடியில் தொங்கும் வெள்ளை அறைகள். ஏரிக்கரைக்காரர்கள் பார்த்த அன்றே அதற்கு நீர்யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நீர்யானை எந்த மாவட்டத்தில் இறங்குவது என்பதை முடிவு செய்ததுதான் தவோங்காவின் விதி. எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. உடம்புச் சூட்டையும் நாடியையும் மூச்சையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு மாவட்டத்துக்குள் இருக்கும் அத்தனை பேரின் உபாதையையும் கூட்டினால் வருவது அந்த மாவட்டத்தின் சுமை. தினமும் நண்பகலில் கணக்குப் பார்த்து, சுமை எங்கே அதிகமோ அங்கே நீர்யானை தானாகவே போகும். சிபாரிசு செல்லாது. மனிதக் கையால் அதைத் திருப்பும் வழியே இருக்கக் கூடாது என்று நாடாளுமன்றக் குழுவில் மல்லுக்கட்டி, அதைச் சட்டமாகவே ஆக்கியவள் அவள். போதாததற்கு, சுமையின் வரைபடத்தைக் குடிமக்கள் எல்லோரும் தங்கள் கைபேசியில் பார்க்கும்படி திறந்தும் விட்டிருந்தாள். ஒளிவுமறைவு கூடாது என்பது அவள் பிடிவாதம்.

முசிராவுக்குக் கீழே, ஆற்றுச் சமவெளியில் இருந்தது லுவெசி. அந்த மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்திருந்தது. வயிற்றுப்போக்கு பரவியது. நிறைமாதப் பெண்களைப் படகில் ஏற்றி எங்கெங்கோ கொண்டு போனார்கள். லுவெசியின் சுமை ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் அது ஏறும் போதெல்லாம் முசிராவின் சுமையும் ஒரு பிடி கூடுதலாக ஏறியது. நண்பகல் கணக்கில் ஒவ்வொரு நாளும் முசிராதான் மயிரிழையில் முந்தியது.

லுவெசி சுகாதார நிலையத்தின் தலைமைச் செவிலி தலிட்சோ, தவோங்காவோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். தினமும் கூப்பிட்டுக் கெஞ்சினாள். கடைசியாகக் கூப்பிட்டபோது கெஞ்சவில்லை.

"உன் கணக்குல ஏதோ திருட்டு இருக்குடி. இன்னைக்குப் படகுலயே ஒருத்தி செத்துட்டா. குழந்தை உள்ளேயே. எனக்கு அவ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காரத்தான் முடிஞ்சுது. நீயே போய்ப் பாரு."

அந்தச் சொல் தைத்ததால்தான் தவோங்கா யாரையும் அனுப்பாமல் தானே கிளம்பினாள்.

பட்டைகளில்தான் கோளாறு இருக்கும் என்பது அவள் சந்தேகம். யாரோ வெந்நீரில் நனைத்து ஏமாற்றுகிறார்கள், அல்லது கருவியையே திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். முசிராவில் இறங்கியதும் நீர்யானையின் பொறுப்பு மருத்துவர் யெவோவைப் பார்த்தாள். ஒல்லியான, தூக்கம் கெட்ட கண்களுள்ள மனிதர். வெளிநாட்டு வேலையை உதறிவிட்டுத் திரும்பி வந்த மிகச் சிலரில் ஒருவர் என்று அவரைப் பற்றி அமைச்சகத்தில் பெருமையாகப் பேசுவார்கள். அவர் மறுப்பு எதுவும் சொல்லாமல் அவளைப் பரிசோதிக்க விட்டார். அன்று பகல் முழுக்க அவள் கையோடு கொண்டுவந்த கருவியால் வீடு வீடாகப் பட்டைகளைச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. நெற்றியில் கை வைத்தால் சுட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் மலேரியா. மலையிலும் வெப்பம் கூடிப்போன பிறகு கொசுவும் மலையேறி வந்துவிட்டது, அது அவளுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, மூன்று நாள் மாத்திரையில் போகக்கூடிய காய்ச்சல் ஏன் போகவில்லை என்பது.

மறுநாள் விடிந்ததும் யெவோவிடம் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாத்திரை கொடுக்கறது என் வேலை, அமாய்," என்றார். அந்த நாட்டில் அமாய் என்றால் அம்மா. மதிப்புக்குரிய எந்தப் பெண்ணையும் அப்படித்தான் அழைப்பார்கள். "விழுங்கறாங்களான்னு வீடு வீடா போய்ப் பார்க்க என்கிட்ட ஆள் இல்ல."

"உங்களுக்குத் தெரியும், பம்போ," என்றாள் தவோங்கா. ஐயா என்பது போல ஆண்களுக்கான மரியாதைச் சொல் அது.

அவர் வெளியே கை நீட்டி, புகையிலை உலர்த்தும் கொட்டகையைக் காட்டினார்.

கொட்டகை காலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் தவோங்கா உள்ளே போனாள். புகையிலை விற்காமல் போன பிறகு அந்த மலையில் யாரும் அதைப் பயிரிடுவதில்லை. உள்ளே வரிசையாகப் பாய்கள். பாய்களில் ஆண்களும் பெண்களும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தார்கள். குழந்தைகள் இல்லை, கிழவர்கள் இல்லை, நிறைமாதக்காரிகள் இல்லை. எல்லோரும் உழைக்கும் வயதுக்காரர்கள். பற்கள் கிட்டித்து நடுங்கும் ஒருவனுக்கு இன்னொருத்தி கஞ்சி ஊட்டினாள். கூரையோரம் கொசுவலைகள் சுருட்டிக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கிடந்தவர்கள் முகத்தில் நோயாளிகளுக்குரிய பயம் இல்லை. தூரத்துப் பயணத்தில் பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் போல இருந்தார்கள்.

கொட்டகையை நடத்தியவள் பெயர் தெம்வா. ஐம்பது வயதிருக்கும். முன்பு மலைச்சந்தையில் சோளம் விற்றவள், ஊரில் எல்லோரும் அவள் சொல்லைக் கேட்பார்கள். தவோங்கா யாரென்று தெரிந்ததும் அவள் ஒளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. உட்காரச் சொன்னாள்.

"இவங்க எல்லாம் இந்த வாரத்து ஆளுங்க," என்றாள். "அடுத்த வாரம் இவங்க மாத்திரை போட்டுக்குவாங்க. வேற ஆளுங்க படுப்பாங்க."

தவோங்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சுருட்டிக் கட்டிய கொசுவலைகளை நிமிர்ந்து பார்த்தாள்.

தெம்வா நிதானமாகவே சொன்னாள். முதன்முறை நீர்யானை வந்தபோது ஊரே கொண்டாடியது. குடலிறக்கமும் கண்புரையும் சரியாயின, காய்ச்சல் ஒழிந்தது, குறுக்கே நின்ற குழந்தைகள் உயிரோடு வெளியே வந்தன. எல்லோரும் தேறினார்கள். தேறியதால் முசிராவின் சுமை இறங்கியது. சுமை இறங்கியதால் நீர்யானை போய்விட்டது. அது போன அடுத்த வாரம் தெம்வாவின் மருமகளுக்கு வலி எடுத்தது. மருமகள் நல்ல திடகாத்திரமான பெண். ஊரிலும் அன்று யாருக்கும் தலைவலிகூட இல்லை. மலைப்பாதையில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

"நாங்க நல்லா இருந்தோம். அதுக்குத்தான் எங்களுக்கு அந்தத் தண்டனை," என்றாள் தெம்வா. "அடுத்த தடவை அது வந்தப்போ, முறை வெச்சு மாத்திரை போடாம படுக்கறதுன்னு ஊர் கூடி முடிவு பண்ணினோம். நாங்க பொய் சொல்லல, அமாய். பட்டையை ஏமாத்தல. காய்ச்சல் நிஜம். எங்க உடம்பு, நாங்க சுமக்கிறோம். பிள்ளைத்தாச்சிங்க ஒருத்திகூட சாகல."

"லுவெசி ஏறும்போது நீங்களும் ஏத்தினீங்களா?"

"போன்ல படம் தெரியுதே. அவங்க நம்பர் ஏறினா, நாலு பேர கூடுதலா படுக்கச் சொல்லுவேன்."

படத்தைத் திறந்துவிட்டவள் தான்தான் என்று தவோங்கா அவளிடம் சொல்லவில்லை.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெம்வாவுக்குத் தெரியாது. லுவெசி அவளுக்கு ஓர் எண். அதைத் தாண்டி எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. தவோங்கா தலிட்சோவைக் கைபேசியில் அழைத்து, முகமன் எதுவும் சொல்லாமல் கருவியைத் தெம்வாவின் கையில் கொடுத்தாள். மறுமுனையில் தலிட்சோ யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே மூச்சு விடாமல் பேசினாள். அன்று மட்டும் மூன்று பெண்கள் வலியோடு பள்ளிக்கூடக் கூரையில் இருந்தார்கள். ஒருத்திக்கு வலிப்பு வர ஆரம்பித்துவிட்டது. தெம்வா வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள், படகில் இறந்தவளின் பெயர் என்ன என்று. பெயரைக் கேட்டதும் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கொட்டகையின் மூலையில் ஒருவன் துள்ளி விழுந்தான். தெம்வாவின் மகன் லும்பானி. மனைவியைப் பறிகொடுத்தவன். தன் முறை முடிந்தும் எழ மறுத்து, அடுத்தவர் முறையையும் தானே படுத்துக் கழித்துக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். யெவோ அவனை நீர்யானைக்குள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

தவோங்கா மைதானத்தில் நின்றபடியே தலைநகரத்துக்குப் பேசினாள். இயக்குநர் சிலோங்கோ நல்ல மனிதர், பதவிக்காக வளைந்து கொடுக்காதவர். அவரிடம் விஷயம் முழுவதையும் சொன்னாள். நீர்யானையை இப்போதே லுவெசிக்குத் திருப்ப வேண்டும் என்றாள் அவள்.

"எப்படித் திருப்பச் சொல்ற? கை வைக்க வழி கிடையாதுன்னு சட்டம் போட்டுப் பூட்டினது நீதான். அதைத் திறக்க நாடாளுமன்றம் கூடணும்."

முசிராக்காரர்கள் இப்போதே மாத்திரை போட்டால்? அவளே கணக்குப் போட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இறங்க ஒன்றிரண்டு நாளாவது ஆகும். கூரையில் இருக்கும் பெண்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. பட்டையைக் கழற்றினால்? நாடி நின்றதாக எடுத்துக்கொண்டு அது இன்னும் பெரிய சுமையாகக் காட்டும். யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று ஒவ்வொரு பொந்தாக அடைத்தவள் அவள். இப்போது ஒரு பொந்து கிடைக்காதா என்று தன் விதியைத் தானே சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஒன்று இருந்தது. பட்டை ஒருவரின் சொந்த ஊரைப் பார்ப்பதில்லை. அவர் நிற்கிற இடத்தைத்தான் பார்க்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் லுவெசி மாவட்டம். இந்தக் கொட்டகையில் கிடப்பவர்கள் நண்பகலுக்குள் பாலத்தைத் தாண்டிவிட்டால், இவர்கள் காய்ச்சல் முழுவதும் லுவெசியின் கணக்கில் ஏறும். நீர்யானை பின்னாலேயே வரும். ஒருமுறை கிளம்பிவிட்டால் இறங்கும் வரை அது திரும்பாது. ஆனால் இவ்வளவு காய்ச்சலோடு, இந்த மழையில், இந்தப் பாதையில் மனிதர்களை இறக்குவதா? அவள் தயங்கித்தான் தெம்வாவிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும், உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்றும் சொன்னாள்.

நீர்யானை போனால் லும்பானியும் அதனோடு போவானா என்று தெம்வா கேட்டாள். போவான், உள்ளே அவனுக்கு வைத்தியம் நடந்துகொண்டேதான் இருக்கும் என்றாள் தவோங்கா. தெம்வா சற்று நேரம் சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குள் போய், படுத்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். தவோங்கா வெளியிலேயே நின்றாள். உள்ளே குரல்கள் உயர்ந்தன. நம்ம பெண்களுக்கு யார் இருப்பார்கள் என்று ஒருவர் சீறினார். யாரோ அழுதார்கள். பிறகு பாய்களைச் சுருட்டும் சத்தம் கேட்டது.

புகையிலை ஏற்றிய பழைய லாரி ஒன்று ஊரில் இருந்தது. அதன் மேல் தார்ப்பாயைக் கட்டி, காய்ச்சல்காரர்களை நெருக்கி உட்காரவைத்தார்கள். இடம் போதாமல் தவோங்காவின் ஜீப்பிலும் திணித்தார்கள். தெம்வா அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பாதை சேறாக வழுக்கியது. ஒவ்வொரு வளைவிலும் லாரியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இழுத்தது. உள்ளே இருந்தவர்கள் கூச்சலிடவில்லை. நடுக்கத்தில் பற்கள் அடிக்கும் சத்தம் மட்டும் ஜீப்புக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. தவோங்கா ஒரு கண்ணைப் பாதையிலும் ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் வைத்து ஓட்டினாள்.

பாலத்துக்குச் சற்று மேலே மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. லாரி நின்றுவிட்டது.

மண்ணை வெட்டி எடுக்க நேரம் இல்லை. கேட்காமலே எல்லோரும் இறங்கினார்கள். நடக்க முடிந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு நடந்தார்கள். முடியாதவர்களைப் பாயில் கிடத்தி, துணைக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினார்கள். தவோங்காவின் தோளில் ஓர் இளம்பெண் சாய்ந்திருந்தாள். அவள் உடம்பின் அனல் நனைந்த சட்டையைத் தாண்டிச் சுட்டது. தவோங்கா வருடக்கணக்காக அனலை எண்ணாகவே பார்த்தவள். அந்தப் பெண் ஏதோ பிதற்றிக்கொண்டே வந்தாள், நடுவில் தண்ணீர் கேட்டாள். கொடுக்க நின்றால் நேரம் போய்விடும். நிற்காமல் நடத்தியே கூட்டிப் போனாள். அதை நினைத்து அவள் பிறகு பல நாள் குமைந்தாள்.

பாலத்தின் பலகைகளைத் தொட்டுக்கொண்டு ஆறு ஓடியது. முன்னால் போனவர்கள் அக்கரை சேர்ந்து சேற்றில் உட்கார்ந்தார்கள். நண்பகல் ஆனபோது கடைசிப் பாய் இன்னும் பாலத்தின் நடுவில் இருந்தது. தவோங்கா கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மழை நீர் வழிந்து வரைபடம் கலங்கியது. முசிராவின் நிறம் மாறவில்லை. மாறவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வரைபடத்தில் தெரியுமுன் காதில் கேட்டது. மலை உச்சியிலிருந்து விசிறிகளின் ஆழ்ந்த உறுமல். மேகத்தைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிற வயிறு வெளியே வந்தது. மெல்ல, மிக மெல்லத் திரும்பி, அவர்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து லுவெசியை நோக்கிப் போனது. சேற்றில் கிடந்த ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். தெம்வா மட்டும் அது கண்ணுக்கு மறையும் வரை கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மகன் அதற்குள் இருந்தான்.

பள்ளிக்கூடக் கூரையிலிருந்த மூன்று பெண்களும் பிழைத்தார்கள். மூன்று குழந்தைகளும். லும்பானி பிழைக்கவில்லை. நீர்யானை லுவெசியில் இறங்கிய சற்று நேரத்தில் அவன் மூச்சு நின்றது. காய்ச்சல்காரர்களோடு தெம்வா படகில் வந்து சேர்ந்ததும் யெவோவே வெளியே வந்து அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டார். "தெரிஞ்சே விட்டேன், அமாய். முதல் வாரமே தெரியும். நீங்க நல்லது பண்றீங்கன்னு நானே நம்பிட்டேன்." தெம்வா அவரைத் திட்டவில்லை. எழுந்திருக்கச் சொல்லி, மகனைக் குளிப்பாட்ட வேண்டும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

மலைக்குக் கொண்டுபோகப் பாதை இல்லாததால் லும்பானியை லுவெசியிலேயே, வெள்ளம் ஏறாத மேட்டில் புதைத்தார்கள். முசிராக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் எழுந்து நிற்கும் நிலையில் இருந்தார்கள். ஆனால் மேடு நிறைய ஆட்கள். யாரென்றே தெரியாதவனுக்காக லுவெசிப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். படகில் இறந்தவளின் தாய் தெம்வாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

தவோங்கா தலைநகரம் திரும்பி, விடாமல் ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டாள். முசிராவிலும் லுவெசியிலும் நிலையான அறுவை அறை ஒவ்வொன்று, அங்கேயே தங்கும் மருத்துவர், மருத்துவர் ஓடிப்போகாத அளவுக்குச் சம்பளம். அந்த இரண்டில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும். விதியை மாற்றினால் மட்டும் போதாது, எந்த விதி எழுதினாலும் மனிதர்கள் தங்கள் உடம்பை அதற்குள் மடக்கி வைத்துவிடுவார்கள் என்று சிலோங்கோவிடம் சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கொட்டகை விஷயத்தை வெளியே விட வேண்டாம் என்று எச்சரித்தார். விட்டால் விதி தோற்றுவிட்டது என்பார்கள், நீர்யானையின் கடிவாளம் மறுபடி அமைச்சர்கள் கைக்குப் போய்விடும். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அவள் வாயைக் கட்டிக்கொண்டு, காரணத்தை மட்டும் மறைத்துக் கோரிக்கையை எழுதினாள்.

மழை ஓய்ந்து வெயில் ஏறிய பிறகுதான் கோரிக்கை பரிசீலனைக்கு வந்தது. நிதித்துறைச் செயலாளர் கசிண்டா என்ற அம்மையார். கறாரானவர், ஆனால் கோப்பைப் படிக்காமல் பேசாதவர். சுவர் முழுக்கச் சுமையின் வரைபடத்தை ஒளிரவிட்டு, அதன் முன்னால் தவோங்காவையும் சிலோங்கோவையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல. உங்க சொந்தக் கணக்குப்படி, அந்த வட்டாரத்துல வெள்ளத்துக்கு அப்புறம் பிரசவச் சாவு ஏறக்குறைய இல்ல. காய்ச்சல் இருக்கு, ஆனா சாவு இல்ல. நீர்யானை ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்துல சரியான இடத்துக்குப் போயிருக்கு. இவ்வளவு அருமையா நடக்கிற திட்டத்துக்கு நடுவுல எதுக்கு இந்தக் கட்டடங்கள்?"

சரியான நேரத்தில் என்ற சொல் தவோங்காவைத் திடுக்கிட வைத்தது. சுமைக்கு நிறைமாதம் தெரியாது. அது காய்ச்சலை மட்டுமே அறியும். நீர்யானை எப்படிச் சரியான நேரத்தில் போகும்? அவள் அந்தத் தேதிகளைத் தனியே எடுத்துப் பார்த்ததே இல்லை. சாவு குறைந்ததில் நிம்மதியாகி, அதற்கு மேல் கேட்காமல் விட்டிருந்தாள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். லுவெசியின் நிறம் மங்கிக்கொண்டிருந்தது. மலை ஏறும் பாதையில், அமைச்சகத்தின் படத்தில் மட்டும் தெரியும் பட்டைப் புள்ளிகள் ஒரு சரமாக நகர்ந்துகொண்டிருந்தன. முசிரா சிவந்துகொண்டே வந்தது.

அவள் கைபேசியை எடுத்து மேசை நடுவில் வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டுத் தலிட்சோவை அழைத்தாள். சிலோங்கோ கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் தலிட்சோவின் குரல் வந்தது.

"இப்ப பேச முடியாதுடி. லாரியில இருக்கேன். மேல முசிராவுல ஒரு பொண்ணுக்குக் குழந்தை குறுக்கே நிக்குதாம், தெம்வா சொல்லி அனுப்பினா. எங்க ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறோம். மத்தியானக் கணக்குக்குள்ள போய்ச் சேரணும்."

கசிண்டா முன்னால் குனிந்தார். தான் யாரென்று சொல்லாமல், மெல்லக் கேட்டார்.

"உங்க ஆளுங்கன்னா யாரும்மா?"

"காய்ச்சல்காரங்க. இந்த வாரம் எங்க முறை."

"மாத்திரை கிடைக்கலையா அவங்களுக்கு?"

"கிடைக்காம என்ன," என்றாள் தலிட்சோ. லாரி ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியது, பின்னால் யாரோ முனகினார்கள். "ஆளுக்கொரு பொட்டலம் மடியில வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி அங்க வந்து இறங்கட்டும், போட்டுக்குவாங்க."